அக்காவிடம் இருந்த அந்த ‘நான்’ எங்கே போனான்?

கேட்டவர்: பேரேடு

அக்கா இறந்து 14 மாதங்கள் ஆகின்றன. ஆறுதல் தேடி இங்கே வரவில்லை. வேறொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அலுவலகத்தில் நான் வாய் திறக்காதவன். கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக அப்படித்தான் பெயர். வீட்டில் பொறுப்பான அப்பா. அக்காவிடம் மட்டும் வேறு ஆள். மேலாளர் பேசத் தொடங்குமுன் மூன்று முறை செருமுவதையும், லிஃப்டில் ஏறியவர் பதற்றத்தில் எல்லாப் பொத்தானையும் அழுத்தியதையும் குரல் மாற்றி நடித்துக் காட்டுவேன். இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசியில் அவள் சிரிக்கும்போது முதலில் சத்தமே வராது. மூச்சு மட்டும் கேட்கும். அதற்குள் அடுத்த குரலுக்குப் போய்விடுவேன்.

போன வாரம் இணையவழிக் கூட்டத்தில் ஒருவர் மைக்கை அணைக்க மறந்து என்னவோ பேசிவிட்டாராம். மறுநாள்வரை எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். எதுவும் காதில் விழவில்லை. முன்பென்றால் அந்த நொடியே, ‘இதை அக்காவிடம் சொல்ல வேண்டும்’ என்று மனத்தில் முடிந்து வைத்திருப்பேன். சொல்ல ஆளில்லாமல் சொல்வதுதான் நின்றது என்று நினைத்திருந்தேன். பார்ப்பதே நின்றுவிட்டிருக்கிறது.

அந்த வேடிக்கைக்காரன் நான்தானா, அவள் உண்டாக்கி வைத்திருந்தவனா?

படிக்கட்டு:

நான் சமூகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன்.

1890-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதியது முதலில் நினைவுக்கு வந்தது. ஒருவரை அறிந்து, அவரைப் பற்றி மனத்தில் ஓர் உருவம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ, அவருக்கு அத்தனை சமூக ‘நான்’கள் உண்டு என்றார். அந்த உருவங்களில் ஒன்றைக் காயப்படுத்தினாலும் அவரையே காயப்படுத்துவதாகும் என்பது அடுத்த வரி. உங்கள் உருவங்களில் ஒன்றை வைத்திருந்தவர் போய்விட்டார். அதனால் நீங்கள் இழந்ததில் உங்களுடைய பங்கும் உண்டு. இதை வெறும் துக்கம் என்று ஒதுக்காமல் கேட்டீர்களே, அது சரி.

ஆனால் ‘அவள் உண்டாக்கியவனா’ என்ற இடத்தில் அமெரிக்கச் சிந்தனையாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் உங்களுக்கு உதவுவார். குழந்தை தனியாக விளையாடும்போது கடைக்காரரும் அதுவே, வாங்க வருபவரும் அதுவே. இப்படி மற்றவரின் இடத்தில் நின்று தன்னைப் பார்க்கப் பழகித்தான் ‘நான்’ உருவாகிறது என்பது அவர் கருத்து. ‘இதை அக்காவிடம் சொல்ல வேண்டும்’ என்று நீங்கள் முடிந்து வைத்தபோது அவர் அருகில் இல்லை. அவருடைய காது உங்களுக்குள் இருந்தது. எது அவரைச் சிரிக்க வைக்கும் என்று அவரைக் கேட்காமலேயே தேர்ந்தெடுத்தவர் நீங்கள்தான்.

கரையோரம்:

ஐயா சொன்னதை ஏற்கிறேன், பாதி வரைக்கும். எனக்கு அந்த 11 ஆண்டுதான் கண்ணில் படுகிறது.

பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம், அதை அவர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று கற்பனை செய்து, அதிலிருந்தே பெருமையோ கூச்சமோ கொள்கிறோம் என்று 1902-இல் சமூகவியலாளர் சார்ல்ஸ் கூலி எழுதினார். கற்பனை என்பதுதான் முக்கியம். அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இருவர் 1979-இல் காட்டியதும் இதுவே: நம்மைப் பற்றிய நம் எண்ணம், பிறர் நம்மைப் பற்றி நினைப்பதாக நாம் நம்புவதோடு ஒத்துப்போகிறது. அவர்கள் உண்மையில் நினைப்பதோடு அந்த அளவுக்கு ஒத்துப்போவதில்லை.

பத்து வயதில் சேர்ந்திசைப் பயிற்சியில் ஆசிரியை என்னிடம், “நீ உதட்டை மட்டும் அசை” என்றார். அவர் அன்றே மறந்திருப்பார். நான் 19 ஆண்டுகள் பாடவில்லை, தனியாக இருக்கும்போதுகூட. பிறகு என் மகள் பிறந்தாள். நான் முனகினால்தான் தூங்குவாள், நிறுத்தினால் கண்ணைத் திறந்து என் வாயையே பார்ப்பாள். பாடத் தெரியாதவள் என்ற செய்தி அவளுக்கு எட்டியிருக்கவில்லை.

உங்களை வாய் திறக்காதவன் என்று அலுவலகத்தில் யாராவது சொன்னார்களா, நீங்களே அப்படி எடுத்துக்கொண்டீர்களா?

பேரேடு:

ஐயா, ‘அவருடைய காது உங்களுக்குள் இருந்தது’ என்ற வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. நன்றி.

சகோதரி, யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒருவர், சேர்ந்த முதல் மாதத்தில், “நீங்கள் அதிகம் பேசமாட்டீர்களோ?” என்று கேட்டார். அவ்வளவுதான். மீதியை நான் எழுதிக்கொண்டேன்.

நேற்று இரவு ஒன்பது வயது மகளிடம் லிஃப்ட் கதையைச் சொன்னேன். அக்கா மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினேன். மகள் சிரிக்கவில்லை. “அவர் ஏன் பயந்தார்?” என்று கேட்டாள். அதைச் சொல்லப் போய், அந்த மனிதருக்கு ஒரு வீடு, ஒரு மூடிய அறை, ஒரு பழைய பயம் எல்லாம் வந்து சேர்ந்தன. நான் அப்படிக் கதை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அக்காவிடம் அந்தக் கதை முப்பது விநாடிதான்.

மைக் கதையையும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதே. நாளை அடுத்த மேசைக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும்.