புதுப்பிப்பு: எங்கள் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் புதியவர்கள் தங்க ஆரம்பித்துவிட்டார்கள்

மேடைப் பேச்சு பழகும் எங்கள் கிளப்புக்கு விருந்தினராக வருபவர்கள் மறுபடி எட்டிப் பார்ப்பதே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி, புதியவரைக் கடைசி வரிசையில் சும்மா உட்கார வைக்காமல், சம்மதித்தால் டேபிள் டாபிக்ஸில் (அங்கேயே கொடுக்கும் தலைப்பில் தயாரிப்பில்லாமல் பேசும் பகுதி) ஒன்றிரண்டு நிமிடம் பேச வைத்து, கூட்டம் முடிந்ததும் டீயோடு பேச்சுக் கொடுத்து, மறுநாள் ஒருவர் போனும் செய்கிறோம். மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்!

ஆனால் சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை. ஐஸ்பிரேக்கருக்கு, அதாவது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் 4 முதல் 6 நிமிட முதல் உரைக்கு, சேர்ந்த வாரமே தேதி குறித்து, பழைய உறுப்பினர் ஒருவரைத் துணைக்கு விடுகிறோம். முன்பெல்லாம் அந்தத் தேதி தள்ளிப் போனவர்கள்தான் காணாமல் போனார்கள். அப்புறம், பேசியவருக்குச் சொல்லும் மதிப்பீட்டில் குறையை மட்டும் அடுக்கக்கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அக்டோபர் 1 சந்தா புதுப்பிப்புக்குப் பிறகு வந்து சொல்கிறேன்.