குளியலறை மாற்றம்: டேபிள் டாப் பேசினா, அண்டர் கவுண்டரா? டைல்ஸ் ஒட்டும் முன் முடிவு செய்ய வேண்டும்

வெள்ளைச்சுவர்:
வணக்கம். பழைய குளியலறையை உடைத்துப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம். சுவர் பூச்சு முடிந்துவிட்டது, டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை. எந்த மாடல் வாஷ்பேசின் என்று சொன்னால்தான் பாயின்ட் (சுவரில் பைப் வெளியே வரும் இடம்) வைப்பேன் என்று பிளம்பர் காத்திருக்கிறார்.

அறை 4 அடிக்கு 7 அடி. குறுகிய சுவரில் கதவு, உள்பக்கம் திறக்கும். நுழைந்ததும் இடது கைப் பக்கம் நீளச் சுவரில் பேசின், அதைத் தாண்டி கம்மோட், கடைசியில் ஷவர். முன்பு இருந்தது பெடஸ்டல் பேசின், அதாவது கால் வைத்து நிற்பது. அதன் வேஸ்ட் பைப் தரையிலிருந்து மேலே வரும்.

மனைவிக்கு டேபிள் டாப் (கல் மேடையின் மேல் உட்காரும் பேசின்) மேல்தான் கண். துடைக்க வசதி என்பதால் எனக்கு அண்டர் கவுண்டர் (கல்லுக்கு அடியில் மாட்டும் பேசின்). சின்ன ரூமுக்குச் சுவரில் மாட்டுவதே போதும் என்கிறார் கொத்தனார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரு கையை பேசின் விளிம்பில் ஊன்றிக்கொண்டுதான் முகம் கழுவுவார். தண்ணீரும் உப்பு. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

அளவுநாடா:
முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள், மாடல் அப்புறம். நின்று முகம் கழுவுகிறவருக்குப் பேசினின் மேல் விளிம்பு தரையிலிருந்து 32 முதல் 34 அங்குலம் இருந்தால் போதும். டேபிள் டாப் பேசினே 5, 6 அங்குல உயரம் இருக்கும். அதனால் கல் 27 அல்லது 28 அங்குலத்தில் வர வேண்டும். பல வீடுகளில் சமையலறை மேடை மாதிரி 32இல் கல்லைப் போட்டு அதற்கு மேல் பேசினை வைத்துவிடுகிறார்கள். விளிம்பு 38க்குப் போய்விடும். முகத்துக்குத் தண்ணீர் அள்ளும்போது அது முன்கை வழியாக இறங்கி முழங்கையில் சொட்டும். சட்டைக் கையும் நனையும், தரையும் நனையும்.

அண்டர் கவுண்டரில் இந்தக் கணக்கே வேண்டாம். கல்லின் உயரம்தான் விளிம்பின் உயரம்.

இன்னொன்று, அளவு எல்லாம் டைல்ஸ் போட்ட பிறகு வரும் தரையிலிருந்து. இப்போது இருக்கும் வெறும் தரையிலிருந்து பிடித்தால் கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு அங்குலத்தைத் தின்றுவிடும்.

சும்மா எட்டிப் பார்த்தேன்:
மனைவிக்குப் பிடித்தது டேபிள் டாப் என்று எழுதிவிட்டு எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்கிறீர்களே, தைரியம்தான்.

வெள்ளைச்சுவர்:
அவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார் :) உயரக் கணக்கு புரிந்தது. தரையில் இருக்கும் வேஸ்ட் பைப்பை அப்படியே விடலாமா? ஃப்ளெக்சிபிள் ஹோஸ் போட்டு இறக்கிவிடலாம் என்கிறார்கள்.

குழாய்க்காரன்:
பிளம்பிங்தான் என் தொழில். சார், ஃப்ளெக்சிபிள் ஹோஸ் வேண்டாம். அந்த மடிப்பு மடிப்பான உள்பக்கத்தில் சோப்பும் முடியும் தங்கும், கொஞ்ச நாளில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். பழைய பைப் நேராக மெயின் லைனுக்குப் போகிறது என்றால் ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் பகுதி) இல்லாமல் நாற்றமும் மேலே வரும். பெடஸ்டலில் கால் எல்லாவற்றையும் மறைத்திருக்கும். மற்ற மாடல்களில் அது கண்ணுக்குத் தெரியும்.

சுவரில் காடி வெட்டி வேஸ்ட் லைனைச் சுவருக்குள் கொண்டுவாருங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அது சின்ன வேலை. வாய் 18 அங்குல உயரத்தில் இருக்கட்டும், பாட்டில் ட்ராப் அதில் உட்காரும். அந்த உயரம் டேபிள் டாப், அண்டர் கவுண்டர், சுவரில் மாட்டுவது எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். இரண்டு ஆங்கிள் காக்குக்கும் (பேசினுக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு) 21, 22 அங்குலத்தில் பாயின்ட். ஆக இந்த மூன்று பாயின்ட்டையும் நாளைக்கே போடச் சொல்லலாம், மாடலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவு செய்யாமல் போடக்கூடாதது குழாய் மட்டும்தான். சுவரிலிருந்து நீளும் குழாய் வேண்டுமென்றால் அதன் பாடி டைல்ஸுக்குள்ளே புதையும், பேசினின் அளவு தெரியாமல் அதை வைக்க முடியாது. குழாயின் மூக்கு நீளம் குறைந்தால் தண்ணீர் பேசினின் பின்சுவரில் அடிக்கும். அதிகமானால் முன்னால் நிற்கிறவர் மேல். பின்னால் பழுது வந்தால் டைல்ஸைத்தான் உடைக்க வேண்டும். கல்லின் மேல் நிற்கும் குழாய் என்றால் ஆங்கிள் காக்கே போதும், சுவரில் எதுவும் இல்லை. உங்கள் உப்புத் தண்ணீருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

மாடிவீட்டுக்காரி:
எங்கள் வீட்டில் ஒரு குளியலறையில் டேபிள் டாப், இன்னொன்றில் அண்டர் கவுண்டர். இரண்டையும் கழுவுவது நான் என்பதால் சொல்கிறேன்.

டேபிள் டாப்பில் பேசினுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்துதான் தலைவலி. துணி நுழையாது, பழைய பல்துலக்கியை விட்டுத்தான் தேய்க்க வேண்டும். கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு வைத்தால் பிரச்சினை பாதி குறையும். பேசின் கல்லில் உட்காரும் இடத்தில் சிலிக்கான் ஓரம் கறுத்துப்போகும். அண்டர் கவுண்டரில் மேலே கிடக்கும் தண்ணீரை ஒரே இழுப்பில் உள்ளே தள்ளிவிடலாம், ஆனால் அங்கேயும் கல்லும் பேசினும் சேரும் இடத்தில், அடியில், அழுக்குக் கோடு விழும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். விருந்தாளி குனிந்து பார்க்கப்போவதில்லை, அது வேறு.

நிறம் வெள்ளையாக இருக்கட்டும். மங்கல் கறுப்பு கடையில் அழகாக இருக்கும். உப்புத் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கும். கண்ணாடிப் பேசினும் அப்படித்தான். கல் மார்பிள் வேண்டவே வேண்டாம். உப்பை எடுக்க வினிகரோ ஆசிட் கலந்த திரவமோ தொட்டால் அதன் பளபளப்பு போய்விடும். கிரானைட் பரவாயில்லை.

குழாய்க்காரன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. அண்டர் கவுண்டர் எடுத்தால் கிளாம்ப் போட்டு, சிலிக்கான் வைத்து மாட்டச் சொல்லுங்கள். சிலர் அடியில் கலவை வைத்து மூடிவிடுவார்கள். நாளைக்குப் பேசின் விரிசல் விட்டால் கல்லோடு சேர்த்துத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

அளவுநாடா:
அம்மா கை ஊன்றுகிறார் என்பதை யாரும் கவனிக்கவில்லையே. சுவரில் மாட்டும் பேசின் இரண்டு போல்ட்டில் தொங்குவது. கனமான செங்கல் சுவர் என்றால் சரி. உள்ளே வெற்றிடமுள்ள பிளாக் சுவர், ஜிப்சம் போர்டு என்றால் ஆள் பாரத்தை அதன் மேல் போடக் கூடாது. கவுண்டர் கல்லும் நடுவில் பேசினுக்காக வெட்டினால் அந்த ஓரங்கள் மெலிந்துவிடும், அடியில் தாங்கல் வேண்டும். இந்த விஷயத்தில் டேபிள் டாப் ஒரு படி மேல், கல்லில் வேஸ்ட்டுக்கும் குழாய்க்கும் துளை மட்டும்தான்.

எந்த மாடல் வைத்தாலும் பக்கத்தில் ஒரு கைப்பிடி வையுங்கள். துண்டு போடும் கம்பி அந்தப் பாரம் தாங்காது. கைப்பிடியின் ஸ்க்ரூ டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் ஆழமாகப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் சுவர் கெட்டியாக இருக்கிறதா என்று இப்போதே தட்டிப் பாருங்கள்.

கல்லின் அகலம் 18 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். 4 அடி அறையில் நடக்க 30 அங்குலம் மிஞ்சும். பழைய அட்டைப் பெட்டியை அந்த அளவுக்கு வெட்டி, சுவரில் 27 அங்குல உயரத்தில் ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். மூலை தட்டினால் பேசினைக் கம்மோட் பக்கம் கொஞ்சம் நகர்த்தலாம். ஆனால் கம்மோட்டின் நடுவிலிருந்து கல்லின் ஓரம் 15 அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் உட்காரும்போது தோள் இடிக்கும்.

வெள்ளைச்சுவர்:
அனைவருக்கும் நன்றி. அட்டை வெட்டிப் பார்த்தோம், கதவு தட்டவில்லை. கம்மோட் பக்கமும் சரியாக இருக்கிறது. அம்மாவை நிற்க வைத்து, 27 அங்குல உயரத்தில் ஒரு பலகையைப் பிடித்து, மேலே பாத்திரத்தைக் கவிழ்த்து விளிம்பு உயரத்தையும் பார்த்தாயிற்று. அவருக்கு 33 வசதியாக இருக்கிறது.

முடிவு: வெள்ளை டேபிள் டாப், கீழே கிரானைட், கல்லில் நிற்கும் உயரமான குழாய், வலப்பக்கம் கைப்பிடி. யார் ஜெயித்தது என்று கேட்காதீர்கள். வேஸ்ட் லைனுக்குக் காடி வெட்ட நாளை ஆள் வருகிறார்.

கடைசியாக ஒன்று. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் பேசினில் பக்கவாட்டில் வழிந்தோடும் துளை இல்லை. பரவாயில்லையா?

குழாய்க்காரன்:
பரவாயில்லை, ஆனால் அதற்கேற்ற வேஸ்ட் கப்ளிங் (பேசினின் அடித்துளையில் மாட்டும் இணைப்பு) வாங்குங்கள். உடம்பில் பக்கத் துளை உள்ள கப்ளிங் வழிந்தோடும் துளை இருக்கிற பேசினுக்கானது. அதை இதில் போட்டால் கல்லுக்கு அடியில் கசியும். அழுத்தி மூடும் வகையும் வேண்டாம், எப்போதும் திறந்தே இருக்கும் மூடி போதும். மூடிவிட்டுக் குழாயை மறந்தால் தண்ணீர் போக வேறு வழி இல்லை.

பேசினும் குழாயும் கைக்கு வந்த பிறகுதான் கல்லில் துளை போட விடுங்கள். குழாயை வைத்துப் பார்த்து, மூக்கிலிருந்து நேர்கீழே கோடு பிடித்தால் அது வேஸ்ட் துளைக்கு ஓரங்குலம் முன்னால் விழ வேண்டும். துளைக்குள்ளேயே விழுந்தால் சத்தம், பின்னால் விழுந்தால் தெறிக்கும். மூக்கு விளிம்புக்கு மேலே 4 அங்குலமாவது இருக்கட்டும், கை கழுவ இடம் வேண்டுமே.