மாடல் எஃப், மாடல் எம் மறு உருவாக்க விசைப்பலகைகள்: சில ஆண்டுகள் கடந்த பின் எப்படி இருக்கின்றன?

நெடுவரி எழுதியது:

மாடல் எஃப், மாடல் எம் என்ற பழைய ஐபிஎம் விசைப்பலகைகளின் அமைப்பைப் பின்பற்றி இன்று புதிதாகச் செய்யப்படும் பக்லிங் ஸ்பிரிங் (அழுத்தினால் வளையும் சுருள்வில் கொண்ட) விசைப்பலகைகளைப் பற்றி நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை, பெட்டியைத் திறந்த சில வாரங்களுக்குள் எழுதப்பட்டவை. ஒலி எப்படி, எடை எவ்வளவு, விசைமூடிகளில் எழுத்துகள் தெளிவாக உள்ளனவா என்பதெல்லாம் அவற்றில் தெரிந்துவிடுகிறது; நாள்தோறும் பல மணி நேரம் தட்டச்சு செய்து சில ஆண்டுகள் கடந்த பின் அதே விசைப்பலகை எந்நிலையில் இருக்கும் என்பது மட்டும் தெரிவதில்லை. மாடல் எஃப் மறு உருவாக்கம் ஒன்றை வாங்குவதா, இன்றும் தயாரிப்பில் உள்ள மாடல் எம் வகையை வாங்குவதா, இவ்விரண்டையும் விட்டுப் பழைய அசல் ஒன்றையே தேடிப் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீண்ட நாள் வைத்திருப்பவர்கள், எந்தப் பகுதி தேய்கிறது, எதைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரும்புத்தட்டு எழுதியது:

இரண்டு வகையையும் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பெரும்பாலும் சுருள்வில்லை நினைத்தே கவலைப்படுகிறார்கள். ஆனால் இவற்றில் கடைசியாகக் கெடுவது அதுதான். ஒரு விசைக்கு 10 கோடி அழுத்தங்கள் என்று மாடல் எஃப்புக்கும், 2.5 கோடி என்று மாடல் எம்முக்கும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்றாலும், நாள் முழுவதும் எழுதுபவரின் விரலுக்கும் அந்த எண்ணிக்கை எளிதில் எட்டாது. விசைப்பலகையின் ஆயுளைத் தீர்மானிப்பது, அதைக் கழற்றி மீண்டும் பூட்ட முடியுமா என்பதே.

இரண்டிலும் விசைக்கடியில் ஒரு சுருள்வில் நிற்கிறது. குறிப்பிட்ட ஆழம் வரை அழுத்தியதும் அது திடீரென்று பக்கவாட்டில் வளைந்து, தன் அடியில் உள்ள சிறு துண்டைச் சாய்த்துவிடுகிறது. நாம் கேட்கும் ஒலியும் விரல் உணரும் சொடுக்கும் அப்போதுதான் பிறக்கின்றன. மாடல் எஃப்பில் அந்தத் துண்டு, கார்பன் கலந்த, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கால் ஆன ஃபிளிப்பர். அது சாயும்போது கீழே உள்ள சர்க்யூட் பலகையில் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) மாறுகிறது, அந்த மாற்றத்தைக் கண்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டு மின்சுற்று அளந்து எழுத்தாக்குகிறது. உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொள்ளும் இடமே இல்லாததால் கரும்படலம் படிந்து தொடர்பு கெடுவது என்ற சிக்கலும் இல்லை. மாடல் எம்மில் அதே இடத்தில் ஒரு சிறு சுத்தியல், மூன்று அடுக்கு மெம்பிரேனை (மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை) அழுத்தி இரு தடங்களைத் தொடச் செய்கிறது.

கட்டமைப்பிலும் இரண்டும் வேறு. எஃப் வகையில் வளைந்த இரண்டு எஃகுத் தகடுகள், விளிம்புகளில் உள்ள நாக்குகளால் ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் பூட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் குழல் உண்டு. குழல்களுக்கும் மேல் தகட்டுக்கும் இடையே இருக்கும் ஃபோம் என்ற மெத்தென்ற பஞ்சுத் தாள்தான் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு குழல் விரிந்தாலோ ஃபிளிப்பர் உடைந்தாலோ அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கழற்றும் வேலை எளிதன்று: மேல் தகட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்யாவிட்டால் ஃபிளிப்பர்கள் அனைத்தும் உதிர்ந்து, ஒவ்வொன்றாக மீண்டும் அமர்த்த வேண்டியிருக்கும். ஆனாலும் எதையும் வெட்டவோ துளையிடவோ தேவையில்லை.

எம் வகையில் குழல்கள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. அதன் அடியிலிருந்து நீளும் சிறு முளைகள் எஃகுத் தகட்டின் துளைகள் வழியே வந்து, உருக்கி ரிவெட்டுகளாக்கப்பட்டிருக்கும். காலப்போக்கில் இந்தத் தலைகள் முறியும். நான்கைந்து போனால் பொதுவாக எதுவும் தெரியாது, பல முறிந்த பின் விசைகளின் சொடுக்கு மந்தமாகி, சில விசைகள் இருமுறை அழுத்தினால்தான் பதியும். அப்போது மிஞ்சிய ரிவெட்டுகளையும் சீவி எறிந்து, துளையிட்டு, எம்2 அளவு போல்ட்டும் நட்டும் போடுவதே நிரந்தரத் தீர்வு. செய்த பின் புதியதைவிட இறுக்கமாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அது ஒரு முழு விடுமுறை நாளைத் தின்றுவிடும் வேலை. வெளி உறையைத் திறக்கவே 5.5 மில்லிமீட்டர் அளவில், மெல்லிய சுவரும் நல்ல நீளமும் உள்ள நட்டுத் திருப்பி வேண்டும். சாதாரணத் திருப்பி அந்தக் குழிக்குள் நுழையாது.

விசைமூடிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிபிடி பிளாஸ்டிக்கில் சாயம் ஊடுருவிய எழுத்துகள் அழிவதில்லை, ஏபிஎஸ் என்ற மற்றொரு வகைப் பிளாஸ்டிக் மூடிகளைப் போல விரைவில் பளபளப்பதும் இல்லை.

பழஞ்சரக்கு எழுதியது:

பழைய அசலை வாங்கலாமா என்ற பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மாடல் எஃப் 1981இல் சிஸ்டம்/23 டேட்டாமாஸ்டர் என்ற ஐபிஎம் கணினியுடனும், அதே ஆண்டு ஐபிஎம் பிசியுடனும் வந்தது. அந்தக் காலத்து ஃபோம், இன்று பெரும்பாலான பிரதிகளில் தொட்டால் உதிரும் தூளாகவோ பிசுபிசுப்பாகவோ மாறிவிட்டது. அது சேர்ந்திருக்கும் இடத்தில் தகடும் துருப்பிடித்திருப்பது வழக்கம். ஆகவே அசலை வாங்குவது என்றால், இரும்புத்தட்டு விவரித்த கழற்றும் வேலையை முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியிருக்கும் என்று பொருள். அதில் இன்பம் காண்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். எழுதுவதற்கு ஒரு கருவி மட்டும் போதும் என்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாடல் எம்மைப் பொறுத்தவரை மறு உருவாக்கம் என்ற சொல்லே சரியாகப் பொருந்தாது. 1985இல் தொடங்கிய அந்த வரிசை, 1991இல் ஐபிஎம்மிலிருந்து பிரிந்த லெக்ஸ்மார்க் நிறுவனத்திடம் சென்றது. 1996இல் அந்த வார்ப்பு அச்சுகளையும் எந்திரங்களையும் யூனிகாம்ப் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டு இன்றுவரை தயாரித்து வருகிறது. இடையில் அறுபடாத ஒரே வரிசை அது. எஃப் வகையோ, நெடுங்கால இடைவெளிக்குப் பிறகு எல்லா அச்சுகளையும் புதிதாகச் செய்து மீட்டெடுக்கப்பட்டது.

நெடுவரி எழுதியது:

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இரும்பும் சுருள்வில்லும் எத்தனை ஆண்டு நின்றாலும், உள்ளே இருக்கும் கண்ட்ரோலர் கெட்டுப்போனால் என்ன செய்வது? தண்ணீரோ வேறு பானமோ சிந்தினால் எந்த வகை தாங்கும்?

மின்தடம் எழுதியது:

கண்ட்ரோலர் தனிப் பலகை என்பதால் அதை மட்டும் மாற்றலாம். எஃப் வகை மறு உருவாக்கங்களில் ஓடுவது திறந்த மூல ஃபர்ம்வேர் (கண்ட்ரோலருக்குள் இயங்கும் மென்பொருள்); கியூஎம்கே, வயல் போன்ற விசைப்பலகை மென்பொருள்களில் விசைகளின் அமைப்பை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பலகைக்குரிய ஃபர்ம்வேர் கோப்பின் நகல் ஒன்றை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இணையப் பக்கங்கள் விசைப்பலகைகளைவிடக் குறைந்த ஆயுள் கொண்டவை. யூஎஸ்பியில் செருகும்போது எந்த விசையிலும் கை வைக்காமல் இருப்பது நல்லது: செருகிய கணத்தில் கண்ட்ரோலர் ஒவ்வொரு விசையின் ஓய்வு நிலை அளவையும் குறித்துக்கொள்கிறது, அப்போது விசை அழுந்தியிருந்தால் அந்த அளவே பிழையாகிவிடும். ‘விசை செத்துவிட்டது’ என்ற புகார்களில் சில, கழற்றி மீண்டும் செருகினாலே தீர்ந்துவிடுபவை.

மற்றொரு பொதுவான காரணம், மூடியைச் சுத்தம் செய்ய எடுத்துவிட்டுத் திரும்பப் போடும் முறை. விசைப்பலகையை ஸ்பேஸ்பார் உள்ள பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி மூடியை அழுத்த வேண்டும். மேசையில் படுக்க வைத்தபடி போட்டால் சுருள்வில் சரியான இடத்தில் அமராமல், அழுத்தும்போது சொடுக்கே இல்லாமல் போகலாம்.

சிந்தும் பானத்தை இரண்டுமே விரும்புவதில்லை. எம் வகையில் மெம்பிரேன் அடுக்குகளுக்கு இடையே ஈரம் புகுந்தால் சம்பந்தமில்லாத எழுத்துகள் தோன்றும். ரிவெட்டுகளை அழிக்காமல் அந்த அடுக்குகளைப் பிரித்து உலர்த்த வழியில்லை. எஃப் வகையில் ஃபோம் ஈரத்தை உறிஞ்சி எஃகுத் தகட்டை ஒட்டியே வைத்துக்கொள்வதால், உடனே திறந்து காயவைக்காவிட்டால் துரு தொடங்கும். எனினும் திறக்க முடிவது பெரிய ஆறுதல்.

நள்ளிரவுக்குறிப்பு எழுதியது:

இவ்வளவு பேசியும் ஒலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை! இந்த விசைப்பலகைகளைக் கைமாற்றி விடுபவர்களில் நான் அறிந்தவரை பாதிப் பேர், அவை கெட்டுப்போனதால் விற்பதில்லை. ஒரே அறையில் இருப்பவர்களால் தாங்க முடியாததால் விற்கிறார்கள். உலோக உறை கொண்ட எஃப் வகையில், சொடுக்கோடு சேர்ந்து சுருள்வில்லின் ரீங்காரமும் எழும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலில் சிறு துண்டை ஒவ்வொரு சுருள்வில்லுக்குள்ளும் நுழைத்தால் ரீங்காரம் வெகுவாக அடங்குகிறது, சொடுக்கு குறைவதில்லை. விசைகள் எஃப் வகையில் சற்று இலகுவாகவும் எம் வகையில் சற்று கனமாகவும் இருப்பதாக என் விரல்கள் சொல்கின்றன. நாள் முழுவதும் எழுதுபவருக்கு மாலை நேரத்தில் அந்தச் சிறு வேறுபாடு தெரியும்.

இரும்புத்தட்டு எழுதியது:

ஒலி பற்றிச் சொன்னது சரி. முடிந்தால் வாங்குவதற்கு முன் யாரிடமாவது சில மணி நேரம் கேட்டு வாங்கித் தட்டிப் பாருங்கள். எஃப் வகையைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், ஆர்டர் செய்யும்போதே சில உபரிச் சுருள்வில்கள், ஃபிளிப்பர்கள், குழல்கள், ஒரு ஃபோம், ஒரு கண்ட்ரோலர் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இவை தொகுதி தொகுதியாகச் செய்யப்படுபவை. ஒரு தொகுதி தீர்ந்த பின் அடுத்தது எப்போது வரும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எம் வகைக்கு உபரிப் பாகங்கள் அவ்வளவு அவசரமில்லை, அந்த நட்டுத் திருப்பி மட்டும் இருக்கட்டும்.