கடைக்காரர் சொல்லும் புதுப் புத்தகத்தை நம்பி வாங்கலாமா?

வைகைக்கரை:

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு புத்தகக்கடை நடத்துபவர்கள் மாதாமாதம் ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். 'இண்டி நெக்ஸ்ட்' என்று பெயர். அந்த மாதம் வரும் புதுப் புத்தகங்களில் சுமார் 25 அதில் இருக்கும். கடைகளில் வேலை பார்ப்பவர்கள் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே படித்துவிட்டுப் பரிந்துரை அனுப்புகிறார்கள், அதிலிருந்து பட்டியல் தயாராகிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே நான்கைந்து வரி, எழுதியவர் பெயர், கடையின் பெயர், ஊர். நடத்துவது 1900இல் தொடங்கிய அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கம். 1999இல் 'புக் சென்ஸ் 76' என்று ஆரம்பித்தது, 2008இல் இப்போதைய பெயருக்கு மாறியது.

தமிழில் இப்படி ஒன்று ஏன் இல்லை? ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூற்றுக்கணக்கில் புதுப் புத்தகங்கள் வந்து இறங்குகின்றன. எதை எடுப்பது என்று முகநூலில்தான் தேடுகிறோம். அங்கே எழுதுபவர்கள் பெரும்பாலும் எழுத்தாளரின் நண்பர்கள். ஒரு 20 கடை சேர்ந்து, கடைக்கு மாதம் ஒரே ஒரு புத்தகம் சொன்னால் போதும். நான் அதை நம்பி வாங்குவேன்.

பொருநை:

வைகைக்கரை, ஆசை நல்லதுதான். ஆனால் மீன் விற்கிறவரிடம் போய் மீன் புதுசா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? நீங்கள் சொல்லும் பட்டியலில் ஒரு புத்தகத்தையாவது 'இதை விட்டுவிடுங்கள்' என்று சொல்லியிருக்கிறார்களா? எல்லாமே புகழ்ச்சி.

இன்னொன்று. கடைக்காரர் முன்கூட்டியே படிக்க வேண்டுமானால் பதிப்பகம் முன்பிரதி அச்சடித்துக் கடை கடையாக அனுப்ப வேண்டும். பெரிய பதிப்பகத்துக்கு அது செலவே இல்லை. நான்கு பேர் நடத்தும் பதிப்பகம் என்ன செய்யும்? கடைக்காரர் யாருக்கும் கட்டுப்படாதவராகவே இருக்கட்டும், அவர் மேசைக்கு எந்தப் புத்தகம் வந்து சேர வேண்டும் என்பதை வேறு யாரோதானே முடிவு செய்கிறார்கள்?

நம் ஊரில் சிக்கல் இன்னும் அதிகம். என்சிபிஎச் என்கிற நியூ செஞ்சுரி புக் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள், பாரதி புத்தகாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பதிப்பகமும்தான், கடையும்தான். அங்கே மற்றவர்கள் புத்தகமும் கிடைக்கும், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சொந்தப் புத்தகம் பக்கத்து அடுக்கில் இருக்கும்போது யாருக்குமே கை அங்கேதான் போகும். எனக்கு நடந்தது இது. வேறொரு கடையில் ஒருவர், 'சார், இந்த வருஷம் வந்ததிலேயே இதுதான்' என்று ஒரு கட்டுரைத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தார். 450 ரூபாய். வீட்டுக்கு வந்து இரண்டாம் பக்கத்தைப் பார்த்தால் பதிப்பகத்தின் முகவரியும் கடையின் முகவரியும் ஒன்று. உள்ளே இருந்தவை ஏற்கெனவே இணையத்தில் வந்த கட்டுரைகள், பிழைகூடத் திருத்தவில்லை. அவர் அதைப் படித்திருக்கவே மாட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். பொருநை சொல்லும் அச்சம் இங்கே நிஜமாகவே இருந்தது. வாட்டர்ஸ்டோன்ஸ் என்று இங்கே பெரிய சங்கிலிக் கடை. அதன் வாசலில் மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களில் பலவற்றுக்கும் அந்த இடம் பதிப்பகங்கள் காசு கொடுத்து வாங்கியது. கடை பரிந்துரைக்கிறது என்று நினைத்துத்தான் வாசகர் எடுத்திருப்பார். 2011இல் ஜேம்ஸ் டான்ட் பொறுப்பேற்றார். சிறு புத்தகக்கடை நடத்தி வந்தவர் அவர். வந்ததும் அந்தக் காசு வேண்டாம் என்று நிறுத்தினார். ஆண்டுக்குச் சுமார் 2.7 கோடி பவுண்டு. அந்தந்த ஊர்க் கடையே எதை முன்னால் வைப்பது என்று முடிவு செய்யட்டும் என்று விட்டார். விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பும் புத்தகங்கள் பெருமளவு குறைந்தன. 2019இல் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிளுக்கும் அவரே தலைவரானார், அங்கேயும் இதே வழி.

இதிலிருந்து எனக்குப் படுவது, விற்கிறவர் சொல்வதாலேயே பரிந்துரை கெட்டுப்போவதில்லை. சொல்வதற்கு யாராவது காசு கொடுத்தால்தான் கெடுகிறது. அதை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

கடைத்தெரு:

நான் டெல்டா பக்கம் ஒரு ஊரில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பத்துக்கு இருபது அறை. பதிப்பகம் கிடையாது, விற்பனை மட்டும்தான். ஆறு வருடமாகிறது.

பொருநை அண்ணா, மீன் உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். தெருவில் தினமும் வரும் மீன்காரம்மா உங்களிடம் கெட்ட மீனைக் கொடுக்க மாட்டார், ஏனென்றால் நாளைக்கும் அதே தெருவுக்கு அவர் வந்தாக வேண்டும். என் கடையும் அப்படித்தான். மாதம் தவறாமல் வருபவர்கள் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். அவர்கள் படிக்கிறவர்கள். வாங்கியதைப் பற்றித் திரும்பி வந்து பேசுவார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான் கொடுத்த நாவலை மூன்றாம் நாளே கொண்டுவந்து கல்லாவில் வைத்து, 'அம்மா, நூறு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை' என்றார். பணம் கேட்கவில்லை. அதைச் சொல்வதற்காகவே வந்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி அந்த நாவலை நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் முதல் பாதியின் சந்தோஷத்திலேயே விற்றுவிட்டிருந்தேன்.

ஒருவர் வாசலில் நுழைந்ததும் புத்தகப் பெயர் சொல்ல மாட்டேன். கடைசியாகப் படித்து முடித்தது எது, எதைப் பாதியில் வைத்தீர்கள் என்று கேட்பேன். பாதியில் வைத்ததைச் சொன்னால்தான் அவர் யார் என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு பெண் அவருடைய அம்மாவுக்காக வந்தார். கண் அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் முதலில் பார்த்தது கதையை இல்லை, எழுத்து அளவையும் தாளையும். பளபள தாளில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். பழுப்புத் தாளில் பெரிய எழுத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு இருந்தது. முதல் புத்தகம் எழுதுபவர், யாரும் பேசாத புத்தகம். அந்த அம்மா முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டனுப்பினார். இந்த வேலையை இணையக் கடையின் 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' செய்யாது.

பொருநை:

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் கடைக்கு வர ஆசையாக இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உங்களிடம் தேங்கிய சரக்கு இருக்கும். காசு கொடுத்து எடுத்து, ரிட்டர்ன் போகாமல் அடுக்கில் நிற்கும் பிரதிகள். வாடகை தேதி நெருங்கும்போது யாராவது 'எதாவது சொல்லுங்கள்' என்று வந்தால், கை அந்த அடுக்குக்குப் போகாதா?

கடைத்தெரு:

போயிருக்கிறது. ஒருமுறை. இரண்டாம் வருடம். 40 சதவீதம் கழிவு கொடுக்கிறார்கள் என்று ஒரு வரலாற்று நூலை 10 பிரதி மொத்தமாக எடுத்தேன், ரிட்டர்ன் கிடையாது. மூன்று போனது. மீதி ஏழும் மேல் ஓரம் பழுத்துப்போய் நின்றன. கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான், புதுசாக நல்ல வரலாறு ஏதாவது என்றான். எடுத்துக் கொடுத்தேன். அது நல்ல புத்தகம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்பு வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த பையன், அப்புறம் வரவில்லை. வேறு ஊருக்குக்கூடப் போயிருக்கலாம். ஆனால் 350 ரூபாய் பில்லில் ஒரு வாசகனை விட்டுவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. மிச்ச ஆறையும் பள்ளி நூலகத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டேன்.

பைண்டிங்:

நான் ஒரு பதிப்பகத்தில் தயாரிப்பு வேலை பார்க்கிறேன். எல்லோரும் நல்ல மனசைப் பற்றியே பேசுகிறீர்கள். காலண்டரைப் பாருங்கள். ஜனவரிக் காட்சிக்கு வரும் புத்தகம் டிசம்பர் கடைசி வாரத்தில் பைண்டிங்கிலிருந்து வரும். சிலது காட்சி தொடங்கிய பிறகு, பசை காய்ந்தும் காயாமலும் நேராக நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக்கே போகும். மெய்ப்பு பார்க்கவே நேரமில்லாதபோது கடைக்காரர் முன்கூட்டிப் படிப்பது எங்கே?

இரண்டாவது, எண்ணிக்கை. நாங்கள் ஒரு புது நாவலை இப்போது 300 பிரதிதான் முதலில் போடுகிறோம். விற்றால் திரும்ப அடித்துக்கொள்வது. 20 கடைக்கு 20 பிரதி சும்மா கொடுத்தால், எழுத்தாளருக்குக் கொடுப்பதும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு போய்விடும். பிடிஎஃப் அனுப்பலாமே என்பீர்கள். மறுநாள் டெலிகிராமில் சுற்றும். எத்தனை புத்தகத்துக்கு அப்படி நடந்ததைப் பார்த்துவிட்டேன்.

வைகைக்கரை:

இது நான் யோசிக்காத விஷயம், நன்றி. அப்படியானால் 'புது' என்பதற்கு ஒரு வருடம் வரை இடம் கொடுப்போம். ஜனவரியில் வந்ததை மார்ச்சில், ஜூனில் கடைக்காரர் படித்துவிட்டுச் சொல்லட்டும். உண்மையில் அதுதான் தேவை. காட்சி முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் புத்தகங்களைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. பிப்ரவரியில் ஒரு நாவலுக்கு வயது ஒரு மாதம், ஆனால் பழைய புத்தகம் ஆகிவிடுகிறது. இது எனக்கு ரொம்ப வருத்தம் தரும் விஷயம்.

பைண்டிங்:

அது நடக்கும். எங்களுக்கும் அதனால் லாபம். ஆனால் ஒன்று. கடைத்தெரு அக்கா மாதிரி ஒருவர் அரைமணி நேரம் பேசிப் பரிந்துரைப்பார், வந்தவர் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு போய், கழிவு அதிகம் என்று ஆன்லைனில் வாங்குவார். காட்சியில் 10 சதவீதம் என்ற வழக்கம் இருக்கிறது, இணையத்தில் அதற்கு மேலும் போகிறார்கள். பிரான்சில் 1981லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், புதுப் புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக்கூடாது என்று. அங்கே சிறு கடைகள் தாக்குப்பிடிப்பதற்கு அது பெரிய காரணம். இங்கே பரிந்துரை ஒருவரிடம், பில் இன்னொருவரிடம்.

கடைத்தெரு:

படம் எடுப்பவர்கள் உண்டு. கண்ணெதிரேயே எடுப்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் வலிக்கும்.

பொருநை:

சரி, இப்படிப் பட்டியல் வந்தால் மூன்று விஷயம் இருந்தால்தான் நான் மதிப்பேன். சொல்பவரின் பெயரும் கடையும் இருக்க வேண்டும். புத்தகத்தில் எது பிடிக்கவில்லை என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். சொந்தப் பதிப்பகத்தின் புத்தகத்தைச் சொல்லவே கூடாது.

கடைத்தெரு:

முதல் இரண்டும் சரி. மூன்றாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குப் பதிப்பகம் இல்லை, அதனால் எனக்காகப் பேசவில்லை. ஒரு கடைக்காரர் பத்து வருடம் வாசகர்களோடு பேசிப் பேசி, இந்தப் புத்தகம் யாரும் போடவில்லையே என்று தானே போடுகிறார் என்று வையுங்கள். அவர் மனதார நம்புவது அதைத்தான். அதைச் சொல்லாதே என்றால் வேறு எதைச் சொல்வார்? 'இது எங்கள் பதிப்பு' என்று மேலேயே எழுதட்டும். வாசகர் முடிவு செய்யட்டும்.

பொருநை:

எழுதினாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை அக்கா. 450 ரூபாயில் பட்டது அது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

ஈஸ்ட்ஹாம்:

கடைத்தெரு, உங்கள் கடையில் புத்தகத்துக்குக் கீழே அட்டை எழுதி வைப்பதுண்டா? இங்கே கடைகளில் அதைப் படிப்பதற்கென்றே நின்று நின்று போவேன். கையெழுத்து, அடித்துத் திருத்தியது, கீழே பெயர்.

கடைத்தெரு:

இதுவரை இல்லை. இந்த இழையைப் படித்துவிட்டு இன்று மதியம் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தை வெட்டி முதல் அட்டை எழுதினேன். ஒரு குறுநாவல், வந்து ஏழு மாதம் ஆகிறது, நான்கு பிரதி வாங்கி வைத்து இன்னும் ஒன்றுகூடப் போகவில்லை. அட்டையில் எழுதியது இதுதான்:

"136 பக்கம். உப்பளத்தில் வேலை பார்க்கும் இரண்டு அக்கா தங்கை. முதல் 20 பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று குழம்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சுப்பிழை நிறைய. 71ஆம் பக்கத்தில் தங்கை வெடித்த பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் இடத்தில் நான் கடையை அரைமணி நேரம் தாமதமாக மூடினேன்."

கீழே என் பெயர், தேதி.

பொருநை:

ஒரு பிரதி எனக்கு வேண்டும். தபாலில் அனுப்புவீர்களா?

கடைத்தெரு:

அனுப்புகிறேன். பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தியதிலிருந்து நான் கூரியரில்தான் அனுப்புகிறேன். புத்தகம் 160, கூரியர் 60. முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள். படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றாலும் இங்கேயே எழுதுங்கள் அண்ணா, அதையும் அதே அட்டையில் கீழே சேர்த்துவிடுகிறேன்.

பைண்டிங்:

அது எங்கள் பதிப்பு இல்லை. ஆனால் அச்சுப்பிழையைப் பக்க எண்ணோடு குறித்துக் கொடுத்தால் பதிப்பாளரிடம் நான் சேர்ப்பிக்கிறேன். அடுத்த 300 அடிப்பதற்குள் திருத்திவிடலாம்.