பழுதான ஏணியில் ஏறிய சிறுவன்: தற்செயலா, இறைவன் திட்டமா?

கல்மரம்:
யூத மரபில் தற்செயலுக்கு இடமே இல்லை என்று இங்கே பலர் அடித்துச் சொல்கிறீர்கள். யூத அறிஞர்களின் விவாதங்களும் சட்டங்களும் அடங்கிய பழந்தொகுப்பான தல்மூதின் கிதுஷின் பகுதியில் வரும் ஒரு நிகழ்வை வைத்துப் பேசலாம். கோபுரத்தில் ஏறிப் புறாக்குஞ்சுகளை எடுத்து வரும்படி ஒரு தந்தை மகனை அனுப்புகிறார். அவன் ஏறி, தாய்ப்பறவையைப் பறக்கவிட்டுக் குஞ்சுகளை எடுக்கிறான். இறங்கும்போது விழுந்து இறந்துபோகிறான். பெற்றோரை மதிப்பவனுக்கும் தாய்ப்பறவையை விட்டுவிடுபவனுக்கும் யூத மறைநூலான தோரா தரும் வாக்கு ஒன்றே: நீண்ட ஆயுள். இரண்டு கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்றியவன் செத்துக் கிடக்கிறான். எலிசா பென் அபுயா என்ற அறிஞர் நம்பிக்கை இழந்ததே இப்படி ஒன்றைக் கண்டுதான் என்பார்கள். அவருடைய மகள்வழிப் பேரன் ரபி யாக்கோபோ, அந்த ஆயுள் மறுமைக்கு உரியது என்றார்.

நான் கேட்பது அதற்கு அடுத்த வரிகளைப் பற்றி. கட்டளையை நிறைவேற்றச் செல்பவனுக்குத் தீங்கு வராது என்ற கொள்கை என்னவாயிற்று? தல்மூத் சொல்லும் விடை: ஏணி பழுதாக இருந்தது, ஆபத்து வெளிப்படையாக இருக்கும் இடத்தில் அற்புதத்தை நம்பியிருக்கக் கூடாது. சவுல் அரசனுக்குப் பதிலாகப் புதிய அரசனை அபிஷேகம் செய்யக் கடவுளே அனுப்பியும் சாமுவேல் தீர்க்கதரிசி, "சவுல் கேள்விப்பட்டால் என்னைக் கொன்றுவிடுவானே" என்று அஞ்சியதைச் சான்றாகக் காட்டுகிறது. உளுத்த மரம் முறியும். ஏறியவன் நல்லவனா என்று அது பார்க்காது.

முல்லைவனம்:
ஐயா, நீங்கள் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்கள். அதே தல்மூதில், ஹுலின் பகுதியில் ரபி ஹனினா சொல்கிறார்: மேலே ஆணை பிறக்காமல் கீழே ஒருவன் விரலில்கூட அடிபடாது. ஏணி ஏன் முறிந்தது என்பதற்கு மரம் விடை தரும். அன்றைக்கு, அவன் காலடியில் ஏன் முறிந்தது என்பதற்குத் தராது. 1760இல் மறைந்த பால் ஷெம் தோவ் என்ற ஆன்மிக குருவின் வழிவந்த யூதப் பிரிவினரான ஹசீதியர்கள், ஓர் இலை புரள்வதுகூட இறைவன் திட்டம் என்று நம்புகிறார்கள். துயரத்தில் இருப்பவனுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கல்மரம்:
பிடிமானம் தருவதால் ஒன்று உண்மையாகிவிடாது. ராவா என்ற தல்மூத் அறிஞர் கண்ணெதிரே கண்டதைச் சொன்னார்: ராபா (பெயர் ஒத்திருந்தாலும் இவர் வேறு அறிஞர்), ரவ் ஹிஸ்தா இருவருமே நீதிமான்கள், ஒருவர் நாற்பது வயதில் இறந்தார், மற்றவர் தொண்ணூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்தார். ஆயுள், பிள்ளைகள், பிழைப்பு மூன்றும் புண்ணியத்தைப் பொறுத்தவை அல்ல, கிரக பலனைப் பொறுத்தவை என்பது அவர் முடிவு. யூதச் சட்ட அறிஞரும் தத்துவஞானியுமான மைமோனிடஸ் (1138–1204) இன்னும் தெளிவாகப் பேசுகிறார். இலை உதிர்வதும் சிலந்தி ஈயைப் பிடிப்பதும் அவருக்குத் தற்செயல்தான். இறைவனின் தனிக் கவனம் நிலவுலகில் மனிதருக்கு மட்டுமே உண்டு. அதுவும் அவரவர் அறிவு இறைவனைப் பற்றியிருக்கும் அளவுக்கே.

முல்லைவனம்:
அதே மைமோனிடஸின் நோன்புச் சட்டங்களையும் படியுங்கள். ஊருக்குத் துன்பம் வரும்போது "இது உலக வழக்கம், தற்செயல்" என்று இருந்துவிடுவது கொடுமையின் வழி என்கிறார். அப்படி நினைப்பவர்கள் தங்கள் தீய செயல்களை விடமாட்டார்கள் என்கிறார். கப்பல் உவமையும் அவருடையதுதான்: கப்பல் மூழ்குவது தற்செயலாக இருக்கலாம், அதில் பயணிகள் ஏறியது தற்செயல் அல்ல, அது இறைத்தீர்ப்பு, அதன் அளவுகோல் நம் அறிவுக்கு எட்டாது. இதை எழுதியவர் யார்? தம்பி தாவீதை இந்தியப் பெருங்கடலில் பறிகொடுத்து, ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்தவர். அந்த இழப்புக்குப் பிறகும் அவர் அப்படித்தான் எழுதினார்.

தேன்சிட்டு:
இருவரும் ஏணியையும் வானத்தையுமே பார்க்கிறீர்கள். தாய்ப்பறவைக் கட்டளை முடிந்ததும் தோராவில் அடுத்து வரும் வசனம் எது? புதிய வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பு, விழுகிறவன் விழுந்து உன் வீட்டின்மீது இரத்தப்பழி வராதிருக்கட்டும் என்பது. அவன் இன்னும் விழவில்லை. அதற்குள் "விழுகிறவன்" என்று ஏன் சொல்ல வேண்டும் என்று ஷபாத் பகுதி கேட்கிறது. படைப்பின் ஆறு நாள்களிலிருந்தே அவன் விழ வேண்டியவனாக இருந்தான் என்கிறது. ஆனாலும் நன்மை நல்லவர் கையாலும் தீமை தீயவர் கையாலும் வந்து சேரும். அவனுடைய விதி எழுதப்பட்டிருக்கலாம். அது உன் மாடியிலிருந்துதான் நிறைவேற வேண்டுமா என்பது உன் முடிவு.

முல்லைவனம்:
அப்படியானால் ஆணை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா?

தேன்சிட்டு:
ஒப்புக்கொள்கிறேன். சுவர் கட்டாதவனின் குற்றத்தை அந்த ஆணை துடைத்துவிடாது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். வானத்தைப் பற்றிய அச்சம், அதாவது இறையச்சம், தவிர எல்லாம் வானத்தின் கையில் என்று சொன்னவரும் நீங்கள் காட்டிய அதே ரபி ஹனினாதான். கெதுபோத் பகுதி இன்னொரு விலக்கும் தருகிறது: குளிராலும் வெப்பத்தாலும் வரும் நோய்கள் மனிதரின் கவனக்குறைவால் வருபவை. எனக்கு உறுத்துவது அந்தத் தந்தைதான். பழுதான ஏணியில் பிள்ளையை ஏறச் சொன்னவர் அவர். ஏறும் முன் அதைப் பார்த்திருக்க முடியும். இங்கே ஒருவர்கூட அவரிடம் ஏன் கேள்வி கேட்கவில்லை?