பறவையோடு குளமும் வேணும்: கூந்தன்குளத்தில் மீடியம் ஃபார்மட் கேமரா

பாளையங்கோட்டையிலிருந்து:

பறவைப் படத்துக்கு மீடியம் ஃபார்மட் கேமரா, அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார் உள்ள கேமரா, சரிப்படுமா என்று இந்தக் குழுவில் சிலர் கேட்டிருந்தீர்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரப் படம் எடுக்கிற என் மச்சான் ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ்100எஸ் 2 வாங்கியிருக்கிறான். தை மாதம் ஸ்டுடியோ வேலை குறைந்த நேரம் பார்த்து அதை என்னிடம் கொடுத்தான். அதற்கான 500 மி.மீ. எஃப்5.6 லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், விஜயநாராயணம் பெரியகுளம், கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் என்று சுற்றி எடுத்ததில் என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. இதன் சென்சார், அதாவது படம் பதிகிற சில்லு, 43.8 × 32.9 மி.மீ. நாம் தூக்கித் திரிகிற ஃபுல் ஃப்ரேம் 36 × 24. பரப்பளவில் ஏறத்தாழ 1.7 மடங்கு. 102 மெகாபிக்சல் என்றதும் தூரத்துப் பறவையெல்லாம் பக்கத்தில் வந்துவிடும் என்று தோன்றும். வராது. சென்சார் பெரிதானால் அதே லென்ஸில் காட்சி அகலமாகத்தான் ஆகும். இந்த 500 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ. பார்க்கிற அளவுக்குத்தான் பார்க்கும். பிக்சலின் அகலமோ 3.76 மைக்ரான். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவிலும் அதே 3.76தான். ஒரே இடத்தில் நின்று ஒரே 500-ல் ஒரு நாரையை எடுத்தால் இரண்டு கேமராவிலும் நாரைமேல் விழுகிற பிக்சல் ஒரே அளவு. மீடியம் ஃபார்மட் கூடுதலாகத் தருவது நாரையைச் சுற்றியுள்ள இடத்தை.

அந்த இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. பத்து வருஷத்துக்கு மேலாக நாம் எல்லாரும் பறவையை நெருக்கி நெருக்கி எடுத்து, பின்னால் இருப்பதையெல்லாம் பச்சையாக மெழுகி வைத்திருக்கிறோம். கூந்தன்குளத்தில் எடுத்த நாரைக்கும் வேறு எங்கோ எடுத்த நாரைக்கும் படத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. கூந்தன்குளத்தின் பெருமையே ஊருக்குள், தெருவோர மரத்தில், வீட்டு ஓட்டுக்கு மேலே கூடு இருப்பதுதான். 1994-ல் சரணாலயம் ஆனது, பிறகு உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பே தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்த ஊர் அது. அந்த ஊர் படத்தில் வரவில்லை என்றால் அது கூந்தன்குளத்துப் படமே இல்லை.

ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். குளத்துக்குள் தண்ணீரில் நிற்கிற நாட்டுக் கருவேலமரம். உச்சியில் சங்குவளை நாரைகளின் கூடுகள், அதற்கு ஒரு கிளை கீழே சாம்பல் கூழைக்கடா. கரையிலிருந்து மரம் முழுவதும் வருகிற மாதிரி எடுத்தேன். லென்ஸ் துளை எஃப்8. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், நடுக்கூட்டில் ஒரு தாய் நாரை வெயிலுக்கு முதுகு காட்டி, இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கிறது. மூன்று குஞ்சும் அந்த நிழலுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றன. ஒன்று வாயைத் திறந்திருக்கிறது. தாயின் அலகு நுனியில் தண்ணீர்ச் சொட்டு. வெயில் ஏறினால் நாரைகள் குளத்துத் தண்ணீரைக் குடித்து வந்து குஞ்சுகள்மேல் கக்கும். நேரில் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் மரம் முழுவதும் அடங்கிய படத்தில் அந்தச் சொட்டு தெரிவதை இப்போதுதான் பார்க்கிறேன். வால்பக்கத்து ரோஸ் நிறச் சிறகு அடியில் ஆழமாகத் தொடங்கி நுனிக்கு வரவர வெளுக்கிறது. நடுவில் எங்கேயும் நிறம் பட்டை விழவில்லை. பக்கத்து வெள்ளை அரிவாள் மூக்கன்மேல் நேர் வெயில், மரத்தடியில் கருநிழல். இரண்டிலும் விவரம் போகவில்லை. இந்தக் கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 80. வெளிச்சம் உள்ள காலையில் அந்த அளவில் எடுத்தால் வெள்ளையையும் கறுப்பையும் சேர்த்துப் பிடிப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அதே படத்தின் இடது ஓரத்தில் கரைமேல் ஒரு ஓட்டு வீடு. கூரையெல்லாம் எச்சம். தெருவில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சியிடம் கேமராத் திரையிலேயே பெரிதாக்கிக் காட்டினேன். நாரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது எங்க மதினி வீடுல்லா? ஓடு ரெண்டு நழுவிக் கெடக்கே, அவளுக்குத் தெரியுமோ என்னமோ" என்றார்கள். அந்த இரண்டு ஓடும் படத்தில் தெளிவாக இருந்தன.

இனி இந்தக் கேமரா சரிப்படாத இடங்கள். கூழைக்கடா, நாரை மாதிரி பெரிய பறவை நிதானமாக இறங்கி வரும்போது கேமராவின் பறவைக் கண்டறிதல் வசதி அதன் கண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நொடிக்கு 7 படம், அதற்குப் போதும். மீசை ஆலாவுக்குப் போதாது. தண்ணீர்மேல் குத்தித் திரும்புகிற வேகத்துக்கு ஃபோகஸ் பின்தங்கிவிடுகிறது. இவ்வளவு பெரிய சென்சாரைப் படித்து முடிக்க நேரம் பிடிக்கும், அது இந்த வகைக் கேமராவின் இயல்பு. பறக்கிற ஆலாதான் உங்கள் விருப்பம் என்றால் இதைத் தொட வேண்டாம்.

வெயில் ஏறியபின் கானல் எழும்பிவிட்டால் 102 மெகாபிக்சலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குளத்துக்கு அந்தக் கரையில் இருக்கிற வரித்தலை வாத்து நெளிநெளியாகத்தான் வரும், லென்ஸ்மேல் பழி போடக்கூடாது. ஒன்பது மணிக்குமேல் தூரத்துப் படத்தை விட்டுவிட்டு ஊருக்குள் இருக்கிற மரங்களுக்கு வந்துவிடுவேன். அங்கே பறவை தலைக்குமேலேயே இருக்கிறது.

கை எப்படித் தாங்கும் என்று பயந்தேன். பாடி 883 கிராம், லென்ஸ் 1375 கிராம். சேர்த்தால் ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. பலர் தூக்குகிற 200-600 லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் என்பதால் இது பாரமாகத் தெரியவில்லை.

வள்ளியூரிலிருந்து:

அண்ணாச்சி, படம் அருமை. ஆனால் நான் மாறுபடுகிறேன். குளிர்காலத்தில் நாங்குநேரிப் பக்கம் தரிசிலும் புல்வெளியிலும் பூனைப்பருந்து தாழப் பறந்து இரை தேடும். தரையிலிருந்து ஆளுயரத்தில் போகும், சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து விழும். அந்தச் சாய்வில்தான் முகமும் இறக்கையின் அடிப்பக்கமும் ஒருசேரக் கிடைக்கும். அதை எடுக்க நொடிக்கு 20 படமாவது வேண்டும், 600 மி.மீ. வேண்டும். அதற்குமேல் நெருங்கினால் பறவை இடத்தை விட்டே போய்விடும். நமக்குக் கிடைத்த ஒரு நல்ல படத்துக்காக அது இராத் தங்கும் இடத்தை இழக்கக்கூடாது. அதனால் தூரத்தில் நின்று எடுக்கிற கருவிதான் எனக்கு நல்ல கருவி.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரு நண்பரின் பெரிய சென்சார் கேமராவைப் பணகுடிப் பக்கம் கொண்டுபோனோம். சத்தம் கேட்டுப் பறவை பறந்துவிடும் என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தோம். பின்னால் காற்றாலை. வந்த படத்தில் காற்றாலை இறக்கை அரிவாள் மாதிரி வளைந்து நிற்கிறது. பறந்த பனங்காடையின் இறக்கையும் அப்படியே கோணல். சென்சாரை மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்து முடிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. நம் பக்கம் எங்கே திரும்பினாலும் காற்றாலை இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பிமாரே, நான் ஸ்டுடியோ வைத்திருந்தவன். எங்கள் காலத்தில் மீடியம் ஃபார்மட் என்றால் 120 ஃபிலிம் ரோல். என்னிடம் யாஷிகா மேட் 124ஜி இருந்தது. 6×6 செ.மீ. நெகட்டிவ், ரோலுக்கு 12 படம், லென்ஸை மாற்ற முடியாது, 80 மி.மீ.தான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அதுதான் ஓடியது.

திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஆற்றங்கரை மருதமரங்களை அதில் எடுப்பேன். மரம் முழுக்கக் கொக்கும் நாரையும் இருக்கும். 80 மி.மீ.-ல் ஒரு கொக்கு என்பது ஒரு வெள்ளைப் புள்ளி. ஆனால் எந்த மரத்தில் எத்தனை கூடு, ஆற்றில் தண்ணீர் எதுவரை நின்றது, எந்தக் கிளை அப்போது இருந்தது என்பதெல்லாம் அந்த நெகட்டிவில் இருக்கிறது. 2005-ல் அந்த இடம் பறவைகள் பாதுகாப்புக் காப்பகம் ஆனபிறகு, பழைய படங்களை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மரமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். விழுந்துபோன மரம் மூன்று என் படத்தில் நிற்கிறது. பாளையங்கோட்டைத் தம்பி சொன்ன 'சுற்றியுள்ள இடம்' எனக்கு அதனால்தான் உடனே புரிந்தது. வள்ளியூர்த் தம்பி பருந்து விஷயத்தில் சொன்னதும் நியாயம். அதற்கு இது ஆகாது.

ஒரு புத்தி மட்டும் சொல்கிறேன். மரம் முழுவதும் எடுக்கிற படத்துக்குக் கோயில் வாசலிலிருந்தே எடுக்கலாம், கூட்டடியில் போய் நிற்க வேண்டியதில்லை. கீழே ஆள் நின்றால் கொக்கு எழும்பும். எழும்பினால் காகம் முட்டையை எடுத்துவிடும்.

களக்காட்டிலிருந்து:

மலைக்கு இதைக் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு. களக்காடு முண்டந்துறையில் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். அனுமதியோடு ஓர் ஆய்வுக் குழுவுக்குத் துணையாகக் கக்காச்சிப் பக்கம் போனபோது இதே வகைக் கேமராவைத் தூக்கிப் போனேன். சோலைக்குள் நண்பகலிலும் அந்தி வெளிச்சம்தான். வெடிப்பலா மரத்தில் சோலைமந்திக் கூட்டம் பூவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/250. நிறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கறுத்த உடம்பின் மயிர்கூடத் தனித்தனியாக நின்றது. ஆனால் கூட்டத்தில் ஒன்றின் முகம் தெளிவு, அடுத்ததின் முகம் மங்கல். பெரிய சென்சாரில் எஃப்5.6 வைத்தால் தெளிவு நிற்கிற ஆழம் மிகக் குறைவு. எஃப்11-க்குப் போக வெளிச்சம் இல்லை. அங்கே மந்தி முகத்தை விட்டுவிட்டு மரத்தையும் மந்தியையும் சேர்த்து 100-200 லென்ஸில் எடுத்தவைதான் தேறின. லென்ஸ் மாற்றும்போது மட்டும் குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டும், பக்கத்து நாலுமுக்கு மழையைச் சொல்லவா வேணும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

பெரியவர் சொன்னதைப் படித்ததும் கூந்தன்குளத்துப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கூடுகளை எண்ண முடிகிறது. கரைமேல் ஒரே இடத்தில் நின்று, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்த படங்களில் குளத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு மரமும் வந்துவிடுகிறது. எந்தக் கூட்டில் குஞ்சு, எதில் அடைகாக்கிற பறவை என்பதுவரை பிரித்துச் சொல்லலாம். இலைக்குப் பின்னால் மறைந்த கூடு படத்தில் வராது, அதற்கு வேறு கோணத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. அதில் கலந்துகொள்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கரையில் நின்று பைனாகுலரில் எண்ணுகிற எண்ணிக்கையோடு இப்படி ஒரு வரிசைப் படமும் இருந்தால், பிறகு சந்தேகம் வந்தால் சரிபார்க்கலாம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்த வருஷத்துக்கும் வராத வருஷத்துக்கும் மரத்துக்கு மரம் ஒப்பிடலாம். அதற்கு ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் எடுக்க வேண்டும். கூந்தன்குளத்தில் நான் நின்ற இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். கூடுகள் இருக்கும் இடம் என்பதால் பொதுவில் போடவில்லை, கணக்கெடுப்புக்கு வருகிறவர்களுக்குத் தருகிறேன்.

வள்ளியூர்த் தம்பி, பூனைப்பருந்துக்கு உன் கருவிதான் சரி. ஷட்டர் பற்றி நீ சொன்னது முக்கியம். நான் எடுத்ததெல்லாம் மெக்கானிக்கல் ஷட்டர்தான். கூந்தன்குளத்துப் பறவைகள் ஊர்ச் சத்தத்தோடு வாழ்கிறவை, அந்தச் சத்தத்துக்கு ஒன்றும் அசையவில்லை. கங்கைகொண்டானில் புள்ளிமான் ஒருமுறை காதைத் திருப்பியது, அவ்வளவுதான்.

தனிச்செய்தியில் மூன்று பேர் ஸ்டோரேஜ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 16 பிட் ரா கோப்பை (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை) சுருக்காமல் வைத்தால் படத்துக்கு 200 எம்பி போகும். நஷ்டமில்லாச் சுருக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் வித்தியாசம் இல்லை. என் பழைய லேப்டாப் இந்தக் கோப்புகளைத் திறக்கவே திணறியது. மச்சானின் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில்தான் வேலை பார்த்தேன். வாங்கப் போகிறவர்கள் கேமரா விலையோடு கம்ப்யூட்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கணக்கெடுப்புக்கு மட்டும் என்றால் வாடகை போதும்.