ஆடிக்காற்றில் காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றும்போது அனல் யூனிட்டை ஏன் அணைத்துவிடக் கூடாது?

கேள்வி – டிப்ளமோ_மின்னியல்
ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் காற்றாலை உற்பத்தி உச்சத்தில் இருக்கிறது. அப்போதும் அனல் யூனிட்டுகள் பாதி லோடில் ஓடுகின்றன. சில நேரம் காற்றாலையைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். காற்றுக்குக் காசு கிடையாது. லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) எரிப்பதை நிறுத்திவிட்டு, காற்று ஓய்ந்ததும் மறுபடி பற்றவைத்தால் என்ன?

பதில் – கொதிகலன்காரர்
பற்றவைக்கலாம், ஆனால் அன்றைக்கே உதவாது. 210 மெகாவாட் யூனிட்டில் நீராவி சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தத்தில், 540 டிகிரியில் டர்பைனுக்குப் போகிறது. முழுக்க ஆறிய யூனிட் என்றால் எண்ணெய் பர்னர் போட்டதிலிருந்து லோடு ஏறும்வரை 8 மணி நேரத்துக்குக் குறையாது. அவசரப்பட்டால் முதல் அடி டர்பைனுக்கு. உள்ளே சுழலும் மெல்லிய ரோட்டர் சீக்கிரம் சூடேறி நீளும்; அதைச் சுற்றியுள்ள தடித்த கேசிங் (வெளிக்கூடு) பின்தங்கும். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். உரசினால் அதிர்வு ஏறி ட்ரிப் ஆகும், அதாவது தானாகவே நின்றுவிடும்.

நிறுத்துவதிலும் சங்கடம் உண்டு. சூடான ரோட்டரை அப்படியே நிற்கவிட்டால் வளைந்துவிடும். அதனால் பாரிங் கியர் (ரோட்டரை மெதுவாகத் திருப்பும் மோட்டார்) போட்டு, ஆறும்வரை மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றவிட வேண்டும்.

லோடைக் குறைத்தே ஓட்டலாமே என்றால் அதற்கும் அடிமட்டம் இருக்கிறது. மத்திய அரசு மின் நிலையங்களுக்கு அது முழுத் திறனில் 55 சதவீதம். நெய்வேலி லிக்னைட்டில் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். அதை உலர்த்த உலைக்குள்ளிருந்தே சூடான புகையை லிக்னைட்டை அரைக்கும் மில்லுக்கு இழுக்க வேண்டும். உலை தணிந்தால் உலர்வதும் குறையும், சுடர் தள்ளாடும், எண்ணெய் ஊற்றித்தான் தாங்க வேண்டிவரும்.

பதில் – சப்ஸ்டேஷன்_230
காற்றின் பக்கத்தையும் பாருங்கள். காற்றாலைத் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வினாடிக்கு 10 மீட்டர் காற்று 8 ஆனால் கிடைப்பது பாதிதான், 5 ஆனால் எட்டில் ஒரு பங்கு. பிற்பகலில் இருந்த காற்றை நம்பி அனலை அணைத்து, மாலை உச்ச நேரத்தில் அது பாதியானால், அலைவெண் 50 ஹெர்ட்ஸை விட்டு இறங்கும். அனுமதி 49.90 முதல் 50.05 வரைதான். அந்தச் சரிவை முதலில் தாங்குவது 3000 சுற்றில் ஓடும் கனமான டர்பைன் ரோட்டர்கள். சோலார் இன்வெர்ட்டரில் அப்படிச் சுழலும் எடை எதுவும் இல்லை.

இன்னொன்று, பழைய காற்றாலைகள் இண்டக்ஷன் ஜெனரேட்டர்கள். மின்சாரத்தை நமக்குக் கொடுத்துக்கொண்டே, தங்கள் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை நம்மிடமிருந்து உறிஞ்சும். அந்த ரியாக்டிவ் பவரைத் தர காற்றாலை அடியில் இருக்கும் கெப்பாசிட்டர் பேங்க் (கெப்பாசிட்டர்களின் தொகுப்பு) செத்தால் ஃபீடர் (மின்பாதை) வோல்டேஜ் தொங்கி, ஒரே வரிசையில் இருப்பவை எல்லாம் ஒன்றாக ட்ரிப் ஆகும். சீசனுக்கு முன்பே, பேங்க் இணைப்பில் இருக்கும்போது, ஒவ்வொரு ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபேஸில் ஆம்பியர் குறைந்தால் அதில் ஏதோ ஒரு கேன் (கெப்பாசிட்டர் டப்பா) போயிருக்கிறது. டப்பா வயிறு உப்பியிருந்தால் மீட்டரே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேள்வி – டிப்ளமோ_மின்னியல்
சரிங்க சார். அப்படியென்றால் கூடங்குளத்தைக் குறைக்கலாமா? உபரியைச் சேமிக்க வழியே இல்லையா?

பதில் – புனல்மின்
அணு உலையைத் தினமும் ஏற்றி இறக்குவது அனலைவிடக் கடினம். திறனைச் சட்டென இறக்கினால் உள்ளே செனான்-135 என்ற வாயு சேரும். அது அணுப்பிளவை நடத்தும் நியூட்ரானை விழுங்கும், அதனால் திறனை உடனே மறுபடி ஏற்றுவது கடினம். சில மணி நேரம் கழித்துத்தான் தேயத் தொடங்கும். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் யூனிட்டை ஒரே சீராக ஓடவிடுவதுதான் நல்லது.

சேமிக்க நம்மிடம் காடம்பாறை இருக்கிறது: ஆனைமலையில், 4 யூனிட், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். உபரி இருக்கும்போது மேல் ஆழியாறு அணை நீரை மேலே ஏற்றும். தேவைப்படும்போது அதே இயந்திரம் திசை மாறி டர்பைனாக ஓடும், சில நிமிடங்களில் லோடு ஏறிவிடும். கணக்கு எளிது: ஒரு கனமீட்டர் நீர் 367 மீட்டர் இறங்கினால், இழப்பைக் கழிக்காமல், ஒரு யூனிட் மின்சாரம். போகவரப் பொதுவாகக் கால் பங்கு இழப்பு, அதாவது 4 யூனிட் போட்டால் 3 திரும்பும். மேல் அணையில் இருக்கும் நீர் சில மணி நேரத்துக்குத்தான். மாதக்கணக்கில் வீசும் காற்றை அதில் அடைக்க முடியாது.

சாதாரண புனல் நிலையத்தைத்தான் முதலில் குறைப்போம், கதவை மூடினால் நீர் அணையிலேயே இருக்கும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் காற்றும் மழையும் சேர்ந்தே வருகின்றன. நீலகிரியின் குந்தா அணைகள் நிரம்பி வழியும் நாளில் டர்பைனை நிறுத்தினால் அந்த நீர் வீணாக ஆற்றோடு போகும். காற்றாலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு பெரும்பாலும் அந்த மாதிரி நாட்களில்தான் வருகிறது.